செக் வைக்காமல் விட்ட ராஜா

1. பின்னால் நின்றவர்

"குதிரை மூணு-ஆறு" என்று நான் லைனில் சொன்னேன். என் நாற்காலிக்குப் பின்னால் ஏ.இ. நின்றுகொண்டிருந்தார்.

ஏ.இ. என்றால் அசிஸ்டென்ட் இன்ஜினியர். மெட்ராஸிலிருந்து இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர். மறுநாள் வருகிறார் என்றுதான் எங்களுக்குத் தகவல். முந்தின நாளே வந்து சத்தம் போடாமல் உள்ளே நுழைவதில் அந்தக் காலத்து ஆபீசர்களுக்கு ஒரு ருசி. லைன்மேன் கோவிந்தன் வாசலில்தான் பீடி பிடித்துக்கொண்டிருந்தான். அவன் ஒரு இருமல் இருமியிருந்தால் போதும், நான் அட்டையை மறைத்திருப்பேன். இருமவில்லை. பயத்தில் பீடியை விழுங்கப் பார்த்ததாகப் பிறகு சொன்னான். விழுங்கியிருக்கலாம்.

அறுபதுகளின் கடைசி. செஞ்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டர். இப்போது கையில் போனோடு பிறக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: அப்போது எங்கள் ஊரில் டயல் கிடையாது. வீட்டிலோ கடையிலோ கைப்பிடியைச் சுற்றினால் எங்கள் போர்டில் அந்த நம்பருக்குரிய சின்னத் தகடு கீழே விழும். அதை ஷட்டர் என்போம். ஷட்டர் விழுந்ததும் பிளக்கைச் சொருகி "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்க வேண்டும். கேட்ட நம்பரில் இன்னொரு பிளக்கைச் சொருகி மணி அடிக்க வேண்டும். வெளியூர் என்றால் டிரங்க் கால். செஞ்சியிலிருந்து எந்த ஊருக்குப் பேசினாலும் திண்டிவனம் போர்டு வழியாகத்தான் போக வேண்டும்.

திண்டிவனம் போர்டில் பகல் டியூட்டி பார்த்தவன் தரணேந்திரன். சித்தாமூர் பக்கத்துச் சமண நயினார் வீட்டுப் பையன். அவன் முகத்தை நான் பார்த்ததில்லை. குரல்தான் தெரியும். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு கடைக்காரர்கள் தூங்கும் நேரத்தில் டிரங்க் சும்மா கிடக்கும். அப்போது நாங்கள் இரண்டு பேரும் லைனில் செஸ் ஆடுவோம். வெள்ளை ஆடுகிறவர் பக்கமிருந்து எத்தனையாவது வரிசை, இடப்பக்கமிருந்து எத்தனையாவது கட்டம் என்று இரண்டு எண் சொன்னால் போதும். ஆபரேட்டர்களுக்கு எண் சொல்வது மூச்சு விடுகிற மாதிரி. என்னிடம் அட்டையில் பேனாவால் போட்ட கட்டம் இருந்தது. போல்ட்டும் நட்டும் எரிந்துபோன பியூஸும்தான் காய்கள். ராஜாவுக்கு ஒரு பித்தளை போல்ட்.

ஏ.இ. என் தலையிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றித் தன் காதில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் தரணேந்திரனுக்கு ஒன்றும் தெரியாது.

"இன்னாம்மா, சத்தத்தையே காணோம்? தோத்துட்டியா?" என்று கேட்டிருக்கிறான்.

ஏ.இ. சொன்னார்: "தோக்கல. மாட்டிக்கிட்டா."

திண்டிவனம் பிளக்கைப் பிடுங்கிவிட்டது.

2. பேரம்

எனக்கு என்ன போகும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் அப்போது டெம்பரரி. கன்ஃபர்ம் ஆவதற்கான ஃபைல் மெட்ராஸில் இந்த ஏ.இ. மேஜையில்தான் இருந்தது. ஒரு மெமோ அதில் ஏறினால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். வீடு என்றால் காலனி. என் நைனாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் கூலிக்குப் போகிறவர்கள். எஸ்.எஸ்.எல்.சி. முடிக்கும்வரை நானும் லீவு நாளில் களை எடுத்தேன். எங்கள் தெருவிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கப் போன முதல் பெண் நான். இந்த வேலை போனால் திரும்பக் கழனிதான். இதில் அலங்காரம் ஒன்றும் இல்லை.

ஏ.இ. அட்டையைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பித்தளை போல்ட்டு பக்கம் நீயா?"

"ஆமா சார்."

"நல்லாத்தான் வச்சிருக்க. யார் சொல்லிக் குடுத்தா?"

"எங்க நைனா."

"அவர் என்ன பண்றார்?"

"கூலி வேலை. அப்பப்ப கோட்டையில கல்லு வேலைக்குப் போவாரு. அங்க மண்டபத்துத் தரையில கட்டம் வெட்டி வச்சிருக்குது. சோத்து நேரத்துல ஆடுவாங்க."

அவர் சிரித்தார். எனக்குப் பிடிக்காத சிரிப்பு. "கல்லு உடைக்கிறவங்க செஸ் ஆடறாங்க. லைன் குடுக்க வேண்டியவங்க செஸ் ஆடறாங்க. அப்புறம் வேலையை யாரு பாக்கறது? நான் எதுக்கு வந்திருக்கேன் தெரியுமா? இந்த ஊருக்கு ஆட்டோ எக்ஸ்சேஞ்ச் போடலாமான்னு பாக்க. மெஷின் டியூட்டில செஸ் ஆடாது."

அப்போதுதான் அவருக்கே ஏதோ ஞாபகம் வந்தது.

"ஆனா ஆடற மெஷினும் இருக்கு" என்றார்.

அவருடைய தம்பி முரளி, மெட்ராஸில் ஒரு காலேஜில் லெக்சரர். அங்கே ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது, ஒரு ஹால் அளவுக்கு. வெளிநாட்டிலிருந்து வந்த ஏதோ பேப்பரைப் படித்துவிட்டு முரளி அதற்குச் செஸ் ஆடக் கற்றுக் கொடுத்திருக்கிறான். தெரிந்தவர்கள் எல்லாரும் புத்தகம் பார்த்து ஆடுகிறவர்கள். புத்தகத்தையே பார்க்காத ஆள் ஒருத்தர் கிடைத்தால் மெஷின் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும் என்று அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தானாம்.

"நீ அதோட ஆடு. ஜெயிச்சா இந்த அட்டையை நான் பாக்கல. தோத்தா மெமோ."

"ஆடலன்னா சார்?"

"இப்பவே மெமோ."

இதைத்தான் அவர் பேரம் என்றார்.

கோவிந்தன் அவர் போன பிறகு உள்ளே வந்தான். "ஏம்மே, மெஷினு எப்பிடிமே காயைத் தூக்கும்? அதுக்குக் கை இருக்குதா?" என்று கேட்டான். "உனக்கு வாய் இருந்தும் இருமலியே, போ" என்றேன்.

3. யானையும் ராஜாவும் இடம் மாறின

ஏற்பாடு இப்படி. பகலில் காலேஜில் மற்றவர்கள் கணக்குப் போடுவார்கள். அவர்கள் போன பிறகு முரளி என் ஆட்டத்தைத் துளைபோட்ட அட்டையாக மெஷினுக்குள் விடுவான். அது யோசித்துக் காகிதத்தில் அடித்துத் தரும். மறுநாள் மத்தியானம் டிரங்க் சும்மா இருக்கும்போது மெட்ராஸிலிருந்து கால் வரும். ஏ.இ. உத்தரவு, ஆகையால் சர்வீஸ் கால். யார் கணக்கிலும் ஏறாது. நடுவில் திண்டிவனத்தில் தரணேந்திரன் கேட்டுக்கொண்டிருப்பான். கேட்காதே என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பான்.

முதல் நாள் மெஷின் ஆட்டம். முரளி லைனில் வந்தான். அண்ணனைப் போல இல்லை, மரியாதையான குரல்.

"மேடம், வணக்கம். மெஷின் வெள்ளை. ராஜாவுக்கு முன்னாடி இருக்கற சிப்பாய் ரெண்டு கட்டம்."

"எத்தினி கட்டம்?"

"ரெண்டு."

"கள்ள ஆட்டம்!" என்று கத்திவிட்டேன். எங்கள் ஆட்டத்தில் சிப்பாய் எப்போதும் ஒரு கட்டம்தான். பக்கத்தில் நின்ற ஏ.இ. தலையில் அடித்துக்கொண்டார். முதல் தடவை நகரும்போது இரண்டு கட்டம் போகலாம், உலகம் பூராவும் அதுதான் சட்டம் என்றார்.

"எங்க ஊர்ல இல்ல சார்."

"உங்க ஊர் உலகத்துக்கு வெளியவா இருக்கு?"

சரி என்று விட்டேன். எனக்கும் அதே சலுகை உண்டு என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். கொஞ்ச நாள் கழித்து இன்னொன்று. மெஷினுடைய ராஜாவும் யானையும் ஒரே ஆட்டத்தில் இடம் மாறிக்கொண்டன. ராஜா ஓரமாகப் போய் மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"ஒரே நேரத்துல ரெண்டு காயா? இது இன்னா, பஸ்ஸுல சீட்டு மாத்திக்கிற மாதிரி?" என்று லைனிலேயே தரணேந்திரன் கேட்டுவிட்டான். முரளி சிரித்தான். அதற்கும் ஒரு பேர் உண்டு, அதுவும் சட்டம்தான் என்று விளக்கினான். அதையும் ஏற்றுக்கொண்டேன். வேறு வழி? மெமோ அவர்கள் கையில்.

நடுவில் அமாவாசை வந்தது. மேல்மலையனூர் அம்மன் கோயில் அமாவாசை என்றால் எங்கள் போர்டுக்குப் பைத்தியம் பிடிக்கும். ஸ்பெஷல் பஸ் எங்கே நிற்கிறது, வந்தவர்களில் காணாமல் போனவர் கிடைத்தாரா, மயங்கி விழுந்தவருக்கு ஆம்புலன்ஸ் வருமா என்று ஷட்டர் மேல் ஷட்டர் விழும். அன்றைக்கும் மத்தியானம் ஏ.இ. மெட்ராஸிலிருந்து கூப்பிட்டார். அதற்குள் அவர் ஊர் திரும்பியிருந்தார்.

"மெஷின் ஆட்டம் சொல்றேன், எழுதிக்கோ."

"இன்னிக்கு ஆட்டம் கெடையாது சார். லைன் வேணும்."

"நான் ஏ.இ. பேசறேன்."

"தெரியுது சார். பிரசவ கேஸு வெயிட் பண்ணுது." பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

தரணேந்திரன் பதறினான். "கன்ஃபர்ம் ஆகிற வரைக்குமாவது பொறுத்துக்கம்மா." பொறுத்துக்கொள்வது எனக்கு எப்போதும் வராது.

4. தாவல்

ஆட்டம் முற்றிக்கொண்டு வந்தது. மெஷின் நன்றாக ஆடியது என்று சொல்ல மாட்டேன். சும்மா கிடக்கும் சிப்பாயைப் பிடிக்க ராணியை அனுப்பும். சின்னப் பிள்ளை மிட்டாய்க்கு ஓடுகிற மாதிரி. ஆனால் நான் கவனிக்காமல் விட்டது எதையும் அது கவனிக்காமல் விட்டதில்லை. தரணேந்திரன் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த நாளில் மோசமாக ஆடுவான். என் நைனா ஜெயிக்கப்போகிறோம் என்று தெரிந்ததும் அவசரப்படுவார். மெஷினுக்கு நல்ல நாள் கெட்ட நாள் கிடையாது. நேற்று ஆடிய மாதிரியே இன்றும் ஆடியது.

என் ராஜாவை நடுவிலேயே வைத்திருந்தேன். இடம் மாற்றுகிற வித்தை எனக்குக் கை வரவில்லை. ஒருநாள் முரளி மெஷினுடைய ஆட்டத்தைச் சொன்னான், நான் அட்டையில் காயை நகர்த்தி வைத்துப் பார்த்தேன். அடுத்த நகர்த்தலில் என் ராஜாவுக்கு மேட், ஆட்டம் முடிந்தது. அதே லைனில் ஏ.இ.யும் இருந்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது. "பார்த்து ஆடு, பார்த்து ஆடு" என்றார். அந்தக் குரலில் சந்தோஷம் இருந்தது.

நான் பார்த்தேன். பயம் போய்விட்டது. என் ராஜா இதுவரை ஒரு செக்கும் வாங்கவில்லை.

"ராஜா, ஏழு-மூணு" என்றேன்.

"மேடம், ராஜா எட்டு-அஞ்சுலதான இருக்கு? ஏழு-மூணுக்கு எப்படி வரும்?"

"தாவி வரும்."

"என்னது?"

"குதிரை மாதிரி தாவி வரும். செக் வாங்காத ராஜா ஒரு தடவை தாவலாம் இல்ல?"

திண்டிவனத்திலிருந்து தரணேந்திரன் குறுக்கே பேசினான். "ஆமா. தாவலாம்."

முரளிக்கு ஒன்றும் புரியவில்லை. நான் சொன்னபடியே அட்டையில் துளை போட்டு மெஷினுக்குள் விட்டுப் பார்த்திருக்கிறான். மறுநாள் சொன்னான்: "மேடம், அது அட்டையத் துப்பிடுச்சு. அப்படி ஒரு ஆட்டமே இல்லங்குது."

"அதுக்குத் தெரியாதுன்னா அது இல்லாமப் போயிடுமா?"

ஏ.இ. குறுக்கே வந்தார். "தப்பாட்டம் ஆடினா தோல்வி. முடிஞ்சது. உங்கள மாதிரி ஆளுங்களுக்கு வேலையும் குடுத்து, சட்டமும் நாங்களே சொல்லித்தரணும்னா எப்படி?"

உங்களை மாதிரி ஆட்கள். அது எந்த ஆட்கள் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"சார், சிப்பாய் ரெண்டு கட்டம் போனப்ப நான் ஒத்துக்கினேன். யானையும் ராஜாவும் இடம் மாறினப்ப ஒத்துக்கினேன். ரெண்டும் உங்க சட்டம். என் சட்டம் ஒண்ணு வந்ததும் அது தப்பாட்டமா? ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எந்த சட்டம்னு கேட்டீங்களா? நானும் கேக்கல. எங்க கோட்டையில எங்க நைனா, அவுங்க நைனா எல்லாரும் இப்படித்தான் ஆடினாங்க."

ஏ.இ. ஏதோ சொல்ல ஆரம்பித்தார். முரளி முந்திக்கொண்டான்.

"அண்ணா, அவங்க சொல்றது நியாயம். மேடம், ஒரு வாரம் டைம் குடுங்க. மெஷினுக்கு நான் சொல்லித் தரேன். ஆனா சட்டம்னா ரெண்டு பேருக்கும் சட்டம். ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்கிறேன். ஆனா ஒரு செக் வாங்கிட்டா அப்புறம் தாவல் கெடையாது. அதையும் சேத்துச் சொல்லிக் குடு."

"கண்டிப்பா மேடம்."

அவ்வளவு தெளிவாக அந்தச் சட்டத்தைச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். இதைப் படிக்கிறவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

5. விட்ட செக்

தாவலுக்குப் பிறகு ஆட்டம் என் பக்கம் திரும்பியது. மெஷினுடைய ராணியும் ஒரு யானையும் என் ராஜா விட்டுவந்த காலி இடத்தில் போய் நின்றன. அவை திரும்பி வருவதற்குள் நான் என் ராணி, யானை, குதிரை மூன்றையும் அதன் ராஜா ஒளிந்திருந்த பக்கம் கொண்டுபோய்விட்டேன். அந்த ராஜாவுக்கு முன்னால் அதன் மூன்று சிப்பாய்களே சுவராக நின்றன. வெளியே வர இடம் இல்லை.

என் குதிரையால் ஒரு செக் வைக்க முடியும். அதில் லாபம் ஒன்றும் இல்லை. ராஜா ஒரு கட்டம் நகரும், நான் மறுபடி குதிரையைச் சரி செய்ய வேண்டும், ஒரு ஆட்டம் வீண். எங்கள் பக்கத்தில் ஆடுகிறவர்கள் அந்த வீண் செக்கை விட மாட்டார்கள். ஆட்டத்தில் முதலில் கிடைக்கிற செக்கை வைத்துவிடுவார்கள். எதிராளி ராஜாவின் தாவலைக் கெடுப்பதற்கு. அது எங்களுக்குப் பழக்கம், யோசித்துச் செய்கிறது இல்லை.

தரணேந்திரனும் அதைத்தான் சொன்னான். "மொதல்ல ஒரு செக் வச்சு தாவலக் கெடுத்துடும்மா."

"அதுக்குத் தாவத் தெரியுமா? போன வாரம்தான் சொல்லிக் குடுத்திருக்கான்."

"சொல்லிக் குடுத்துட்டான் இல்ல?"

"புதுசா கத்துக்கினவன் யாராவது அத ஞாபகமா ஆடுவானா? நீயே கார் ஓட்டக் கத்துக்கிட்டப்ப பிரேக்க மறந்து வாய்க்கால்ல விட்டவன்தான?"

"நான் மனுஷம்மா" என்றான் அவன்.

கேட்கவில்லை. செக் வைக்காமல் யானையை நகர்த்தினேன். அடுத்த ஆட்டம் மேட். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது கோவிந்தனிடம்கூடச் சிரித்துப் பேசினேன். கன்ஃபர்ம் ஆனதும் அம்மாவைக் கழனிக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றுகூட மனதில் வந்தது.

மறுநாள் முரளி லைனில் வந்தான். கொஞ்சம் தயங்கினான்.

"மேடம்... ராஜா தாவிடுச்சு."

சுவர் மாதிரி நின்ற சிப்பாய்களைத் தாண்டி, நான் வைத்த வலைக்கு வெளியே, என் யானைக்கும் குதிரைக்கும் எட்டாத கட்டத்தில் போய் நின்றுவிட்டது. என் காய்கள் எல்லாம் காலியான மூலையைச் சுற்றி நின்றன. என் ராஜாவுக்குப் பக்கத்தில் ஒரு பியூஸும் ஒரு நட்டும்தான். அந்தக் காலி இடத்துக்குப் போயிருந்த அதன் ராணி திரும்பி வந்தது. சில நாளில் எனக்கு மேட்.

கடைசி ஆட்டத்தைச் சொல்லிவிட்டு முரளி கேட்டான். "மேடம், ஒரு சந்தேகம். குதிரையால செக் வச்சிருந்தா தாவ முடியாம போயிருக்கும். நீங்கதான் அந்த சட்டத்தையே சொன்னீங்க. ஏன் வைக்கல?"

"புதுசாக் கத்துக்கினது மறந்துடும்னு நெனச்சேன்."

"அதுக்கு புதுசு பழசு தெரியாதுங்க. சிப்பாய் நகர்றதும் ராஜா தாவறதும் அதுக்கு ஒண்ணுதான்."

இதை அவன் பெருமையாகச் சொல்லவில்லை. அவனுக்கே அது கொஞ்சம் பிடிக்கவில்லை என்று குரலில் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் மெஷினைப் பற்றி நான் கேட்டதில் உருப்படியான பேச்சு அது ஒன்றுதான்.

6. பேனா

ஏ.இ. மறுபடி செஞ்சிக்கு வந்தார். ஆட்டோ எக்ஸ்சேஞ்ச் ரிப்போர்ட்டை முடிக்க வேண்டும், கூடவே என் மெமோவையும். இந்தத் தடவை சொல்லிவிட்டு வந்தார்.

என் போர்டுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து காகிதத்தை எடுத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. வேலையை முடித்துவிட்டு டிராவலர்ஸ் பங்களாவில் சாப்பிடப் போகிற அவசரம்தான் இருந்தது.

"தப்பா எடுத்துக்காத. பேச்சு பேச்சுதான். நீயும் ஒத்துக்கிட்ட. டிரங்க் லைன்ல செஸ் ஆடினது, ஆபீஸ் லைனை சொந்த விஷயத்துக்கு உபயோகிச்சது. சுருக்கமா எழுதறேன். ஃபைல்ல போகும். மேல என்ன செய்யறாங்களோ அது அவங்க பாடு."

கழனியின் சேறு காலில் பட்ட மாதிரி இருந்தது. ஒரு ஷட்டர் விழுந்தது. பிளக்கைச் சொருகி, அவலூர்பேட்டை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டிக்காரர் கேட்ட நம்பரைக் கொடுத்தேன். திரும்பினேன். அவர் தேதி போட்டுக்கொண்டிருந்தார். தேதி போடுகிறார், இன்னும் எழுதவில்லை. இவருக்கும் இன்னும் ஒரு செக் விழவில்லை, எழுதுவதற்குள் வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது. அப்படித்தான் தோன்றியது, மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

"எழுதுங்க சார். நானும் பதில் எழுதணும் இல்ல, ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்."

"என்ன?"

"தரணேந்திரனோட நான் ஆடினது உண்மை. ஒத்துக்கிறேன். அதுக்கப்புறம் மெட்ராஸ் வரைக்கும் லைன் போட்டு, நாள்தோறும் ஆடினது யாரு உத்தரவு? அதையும் மெமோல எழுதுவீங்களா, இல்ல நான் பதில்ல எழுதிக்கவா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மிரட்டறியா?"

"சந்தேகம் கேக்கிறேன் சார். எந்த சட்டம்னு முன்னாடியே கேக்காம விட்டுத்தான் நான் தோத்தேன். இப்பயாவது கேட்டுக்கிறேன்."

"அது சர்வீஸ் கால்."

"ஆமா சார், உங்க சர்வீஸு. அமாவாசை அன்னிக்குக்கூட பிரசவ கேஸ நிறுத்திட்டு லைன் கேட்டீங்க. திண்டிவனத்துல தரணேந்திரனும் கேட்டுக்கினுதான் இருந்தான். கூப்பிட்டுப் பேசறீங்களா?"

வாசலில் கோவிந்தன் இருமினான். வேண்டாத நேரத்தில்தான் அவனுக்கு இருமல் வரும்.

ஏ.இ.யின் பேனா தேதிக்குக் கீழேயே நின்றுவிட்டது. அவருக்கும் வீடு இருந்திருக்கும். அவர் ஃபைலும் யாரோ ஒருவர் மேஜையில் இருந்திருக்கும். அவர் புரமோஷன் சமயத்தில் இருந்தார் என்று பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் அந்த முகத்தில் கணக்கு ஓடுவது தெரிந்தது. இந்தக் கணக்கை நானும் போட்டிருக்கிறேன், அதனால் தெரியும்.

பேனாவை மூடிச் சட்டையில் சொருகிக்கொண்டார். தேதி போட்ட காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "போர்டைப் பாரு, ஷட்டர் விழுந்திருக்கு" என்றார். விழவில்லை. ஆனாலும் போர்டு பக்கம் திரும்பினேன். அவர் போகட்டும் என்றுதான்.

மெமோ வரவில்லை. கன்ஃபர்ம் ஆர்டர் வந்தது. தரணேந்திரனிடம் லைனில் சொன்னேன். "அப்ப ஒரு ஆட்டம் போடலாமா?" என்று கேட்டான். திட்டிவிட்டு வைத்தேன்.

7. கேட்கிறவர்களுக்கு

ஆட்டோ எக்ஸ்சேஞ்சும் பிறகு வந்தது. போர்டு போயிற்று, நான் வேறு சீட்டுக்குப் போனேன். அது நல்லதற்குத்தான், அதில் எனக்கு அழுகை ஒன்றும் இல்லை. ராத்திரி பகலாக ஷட்டர் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது எனக்குத்தான், அந்தப் போர்டுக்கு இல்லை.

இப்போது போனிலேயே செஸ் ஆடுகிறது. உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரன்கூட அதனிடம் தோற்கிறான் என்கிறார்கள். மனுஷன் இனிமேல் மெஷினுக்கு ஈடு கொடுக்க முடியுமா என்று பேப்பரில் எழுதுகிறார்கள், டிவியில் பேசுகிறார்கள். ஒரு ஹால் அளவுக்கு இருந்த, மிட்டாய்க்கு ஓடுகிற மெஷினிடமே நான் தோற்றவள். என்னைக் கேட்டால், முடியாது. சொல்லிக் கொடுக்க முடிகிற எந்தச் சட்டமானாலும் அது கற்றுக்கொள்ளும். நம் ஊர்ச் சட்டம், நம் தாத்தா சட்டம் என்று ஒளித்து வைத்துக்கொண்டு ஜெயிக்கலாம் என்று நினைக்கிறவன் என்னை மாதிரி ஏமாந்து போவான். சொல்லிக் கொடுத்த மறுவாரமே அது நம்மைவிட நன்றாகத் தாவும்.

ஆனால் ஏன் முடியாது என்பதில்தான் இவர்கள் தப்பாகப் பேசுகிறார்கள். அதற்கு அதிக மூளை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்கு இழக்க ஒன்றும் இல்லை. எனக்குக் கழனி இருந்தது, அம்மா இருந்தாள், ஆட்டத்தின் நடுவில் அவள் ஞாபகம் வந்தது. மெஷினுக்குத் தோற்றாலும் மறுநாள் அதே ஹால், அதே கரண்ட். அப்படிப்பட்டதோடு போட்டி போட்டு என்ன ஆகப்போகிறது? தோற்றதில் எனக்கு வெட்கமே இல்லை.

அன்றைக்கு அந்த மேஜையில் ஏ.இ.க்குப் பதில் அந்த மெஷின் உட்கார்ந்திருந்தால், தேதிக்குக் கீழே மெமோ அடித்து முடித்திருக்கும். நான் யாருடைய உத்தரவு என்று கேட்டதற்கு அது ஒன்றும் யோசித்திருக்காது. உட்கார்ந்திருந்தது பயப்படத் தெரிந்த ஒரு மனுஷன். அதனால்தான் எனக்கு வேலை மிஞ்சியது.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எதிரில் யார் உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். மெஷின் என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். மனுஷன் என்றால், எவ்வளவு பெரிய ஆபீசரானாலும், அவன் தாவுவதற்கு முன்னால் செக்கை வைத்துவிடுங்கள்.

நான் ஒரு தடவைதான் அதை விட்டேன்.